பிள்ளை போன வழியில் பஸ்மியா

கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போகும் காலை பஸ் பாலத்தில் ஏறியதும் பஸ்மியாவுக்குக் கண் சொருகிவிடும். அதைத் தூக்கம் என்று சொல்லிவிட முடியாது. கீழே தண்ணீர் வெளிறிக் கிடக்கும். இரண்டு மூன்று தோணிகள் வானத்திலே மிதப்பவை போல நிற்கும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது தூரத்து வானொலியாகக் கேட்கும். அந்த நேரத்தில், முந்திய நாள் சந்தித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அவள் மனதுக்குள் உட்காருவார்கள். படிக்கிற காலத்தில் ஆசிரியைமார் அவளைக் "கனவுக்காரி" என்று கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு வயதிலும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. அவளுடைய கணவன் ஸப்வான் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர். "கண் திறந்துதான் இருக்கு, ஆள் வீட்டில இல்ல" என்று அவளைப் பார்த்துச் சிரிப்பார்.

நகரத்தில் நீதிமன்றத்துக்குப் போகும் தெருவில், வசதியில்லாதவர்களுக்காக வழக்குப் பேசும் சிறிய சட்ட உதவி அலுவலகம் ஒன்று இருக்கிறது. பஸ்மியா அங்கே முதலில் தட்டெழுதும் வேலைக்குத்தான் போனாள். அவளுடைய மேசைக்கு முன்னால் ஒரு நீளமான வாங்கு. பொலிஸ் வழக்கில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் தாய்மாரோடு வந்து அதில் காத்திருப்பார்கள். சட்டத்தரணி அபூதாஹிர் அவர்களை உள்ளே கூப்பிட்டு "என்ன நடந்தது?" என்று கேட்பார். பிள்ளைகள் நிலத்தைப் பார்ப்பார்கள். அவர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, அதே பிள்ளைகள் மெல்ல மெல்லப் பஸ்மியாவிடம் பேசத் தொடங்குவார்கள்.

"என்னட்ட வாய் திறக்காத பிள்ளையள் உங்களிட்ட மட்டும் எப்பிடிக் கதைக்குதுகள்?" என்று ஒருநாள் அவர் கேட்டார்.

"நான் ஒண்டும் கேக்கிறேல்ல சேர். யன்னலால வெளியில பாத்துக்கொண்டு இருப்பன். அதுகளாத்தான் கதைக்குதுகள்."

அபூதாஹிர் அதைச் சிரித்து விட்டுவிடவில்லை. மட்டக்களப்பில் வார இறுதிகளில் நடந்த சமூகப்பணிப் படிப்பில் அவளைச் சேர்த்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து அவள் அதே மேசையில் வேறு வேலைக்கு உட்கார்ந்தாள். பிள்ளை குற்றம் செய்ததா, சட்டம் என்ன சொல்கிறது என்பவை சட்டத்தரணியின் பாடு. அந்தப் பிள்ளை யார், எங்கே படுத்து எழும்புகிறது, யார் சோறு போடுகிறார்கள், நாளைக்கு வெளியே விட்டால் எந்தக் கைக்குப் போய்ச் சேரும் என்று தேடிக் கண்டுபிடிப்பது அவள் பாடு. நீதிமன்றத்துக்கென்று அரசாங்கத்தின் நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார். பஸ்மியா பிள்ளையின் பக்கத்து ஆள். புதிதாகச் சந்திக்கும் எந்தப் பிள்ளையிடமும் அவள் முதலில் இதைத்தான் சொல்வாள்.

"நான் பொலிஸ் இல்ல, கோட்டும் இல்ல. நீங்க சொல்லுறது எனக்கும் லோயர் சேருக்கும் மட்டும்தான். உங்கட விருப்பம் இல்லாம வெளியில போகாது."

அப்படித்தான் பிரியங்கினியிடமும் சொன்னாள்.

பிரியங்கினிக்குப் பதினான்கு வயது. ஈச்சிலம்பற்றில் வெருகலை அண்டிய கரையோர ஊர். ஒரு தரகர் அவளைக் கூட்டிவந்து திருகோணமலை நகரத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு விட்டிருந்தார். வீட்டுக்காரி நிரோசினி ஒரு கொம்பனியில் வேலை செய்கிறவள். கணவன் கட்டாரில். நாலு வயது மகன் அக்சரனைப் பகலெல்லாம் பிரியங்கினிதான் பார்த்துக்கொண்டாள். வெயில் உருக்கி ஊற்றிய ஒரு சனிக்கிழமை, நிரோசினி வேலை முடிந்து வந்தபோது கேற் திறந்து கிடந்தது. வீட்டில் இருவரும் இல்லை. பொழுது சாயும் நேரத்தில், துறைமுகக் கரையில் கவிழ்த்து வைத்த ஒரு வள்ளத்தின் நிழலில், இரண்டு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு தூங்கிக் கிடந்ததை மீனவர்கள் கண்டார்கள். சின்னவனின் முகம் வெயிலில் சிவந்து போயிருந்தது.

பிள்ளையைக் கடத்தியதாக முறைப்பாடு. பிரியங்கினி பொலிசிலும் வாய் திறக்கவில்லை, நீதவானுக்கு முன்னாலும் திறக்கவில்லை. நீதிமன்ற உத்தரவில் அவளைப் பெண்பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இல்லம் ஒன்றில் வைத்தார்கள். அவளுடைய மௌனத்தை எல்லோரும் குற்றம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பாதுகாப்பு இல்லத்தின் பின்வளவில் ஒரு வேம்பு நின்றது. அதன் கீழே இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு பஸ்மியாவும் அவளும் இருந்தார்கள். முதல் முறை ஒரு பேச்சும் இல்லை. கொடியில் காயும் சட்டைகள் காற்றில் ஊதிப் பெருத்து, ஆட்கள் போலத் திரும்பிப் பார்த்து, மறுபடி சுருங்கின. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை வேப்பம்பூ உதிர்ந்து இருவர் மடியிலும் விழுந்துகொண்டிருந்தபோது பிள்ளையின் குரல் கேட்டது.

"மிஸ், நீங்க நித்திரையா?"

"இல்ல மகள். முழிச்சுத்தான் இருக்கிறன்."

"அப்ப எங்க போயிட்டீங்க?"

"தெரியேல்ல. கடலுக்கு அங்கால எங்கயோ."

பிரியங்கினி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நானும் அப்பிடித்தான் போயிட்டன்" என்றாள்.

அதன் பிறகு அவள் சொன்னாள். நிலத்தில் கால் பெருவிரலால் கோடு போட்டுக்கொண்டே, நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தகப்பன் எப்போதோ பிரிந்து போனவர். தாய் குவைத்துக்குப் போனபோது அவளையும் தம்பி நிசாந்தனையும் அயல்வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். பிறகு தரகர் வந்து பிரியங்கினியை நகரத்துக்குக் கூட்டிவந்தார். பஸ் ஏறிய அன்று தம்பிக்கு நாலு வயது. அந்தச் சனிக்கிழமைக்குக் கொஞ்ச நாள் முன்பு அயல்வீட்டுக்காரி தொலைபேசியில் பேசினாள். தம்பியைத் தன்னால் வைத்திருக்க ஏலாது, ஒரு சிறுவர் இல்லத்தில் கொடுத்தாயிற்று என்றாள். எந்த இல்லம் என்று பிள்ளை கேட்கும் முன்னே தொலைபேசி நின்றுவிட்டது.

"அண்டைக்குச் சின்னவன் மான் பாக்கணும் எண்டு அழுதான், மிஸ். கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனனான். மரத்துக்குக் கீழ கனக்க மான் படுத்திருந்தது. ஒண்டு எழும்பி வந்து அவன்ட கையை நக்கினது. அவன் சிரிச்ச சிரிப்பு… பிறகு நடக்க ஏலாது எண்டான். தூக்கினன். தூக்கினதும் அவன் கழுத்தில முகத்தை வச்சு மூச்சு விட்டான். தம்பியும் அப்பிடித்தான். அவன்ட பாரமும் தம்பிட பாரம் மாதிரியே இருந்தது."

வீடு திரும்பவேண்டிய முடக்கில் அவள் திரும்பவில்லை. கால் தன்பாட்டில் துறைமுகக் கரைக்குப் போயிற்று. மத்தியானக் கடல் கண்ணாடி போலக் கிடந்தது. பெரிய கப்பல் ஒன்று அசையாமல், ஆளில்லாத வீடு போல நின்றது. அதற்கும் அப்பால் மூதூர்க் கரை புகையாகத் தெரிந்தது.

"அங்கால போனா எங்கட ஊர் எண்டு நினைச்சன். இறங்குதுறையில லோஞ்சிப் படகு ஏறினா வீடு. தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போறன் எண்டுதான் நடந்தனான்."

 அந்தப் பிள்ளையிடம் பஸ்மியா கேட்ட முதல் கேள்வி அப்போதுதான் வந்தது.

"பிறகு?"

"லோஞ்சி இல்ல. பாத்துக்கொண்டு இருந்தம். அவன் முழிச்சு, அம்மா எண்டு அழுதான். தம்பி ஒருநாளும் அம்மா எண்டு அழமாட்டான், மிஸ். அக்கா எண்டுதான் அழுவான். அப்பதான் எனக்கு விளங்கினது."

விளங்கியதும் அவள் பயந்து போனாள். சின்னவனைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். தெருவின் பெயர் தெரியாது. யாரிடமோ வழி கேட்டாள். சொன்ன வழியையும் தவறவிட்டாள். சின்னவன் அழுது களைத்துத் தூங்கினான். வெயில் தாழட்டும் என்று வள்ளத்தின் நிழலில் இருந்தவள் தானும் தூங்கிப் போனாள்.

பஸ்மியா அலுவலகத்துக்கு வந்து அபூதாஹிரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு நடந்தனான். இந்த ஒரு வசனம் போதும், பொலிஸ் பக்கம் கடத்தல் எண்டு காட்ட."

"ஆனா அதுதானே நடந்தது, சேர்."

"நாங்க பொய் சொல்லப்போறேல்ல. பிள்ளை அதைச் சொல்லாம இருக்கலாம். அது அவட உரிமை. திரும்பி வந்தவ எண்டதுக்குச் சாட்சி சொல்ல ஆள் இருந்தா மட்டும் கொண்டு வாங்க. வெளியில விட்டா எங்க இருப்பா எண்டதையும் பாருங்க."

அடுத்த சனிக்கிழமை, அதே வெயிலில், பஸ்மியா அந்த வழியை நடந்தாள். நிரோசினியின் வீட்டுத் தெருவிலிருந்து கோட்டைப் பக்கம். மான்கள் படுத்திருந்தன. ஒன்று அவளைப் பார்த்தும் பாராமல் பொலித்தீன் பையை மென்றுகொண்டிருந்தது. அங்கிருந்து துறைமுகக் கரை. வெயில் ஏற ஏறத் தெரு நீண்டுகொண்டே போனது. ஒரு பிள்ளையைச் சுமப்பது போல அவள் இடது கை தானாக மடிந்து இடுப்பில் நின்றதைப் பாதி வழியில்தான் கவனித்தாள். தண்ணீரும் வானமும் ஒட்டிய இடத்தில் அக்கரை மிதந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது. பஸ்மியாவுக்கும் அந்தக் கணம், ஒரு லோஞ்சி வந்தால் ஏறிவிடலாம் என்றுதான் தோன்றியது.  அந்தப் பிள்ளையின் பகல் தன்மேல் கவிந்து மூடுவதை அவள் உணர்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆட்களைக் கேட்கத் தொடங்கினாள்.

இறங்குதுறைக்கு எதிரே முத்தலிப் என்பவர் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். பஸ்மியா சொல்லி முடிக்கும் முன்பே அவர் தலையாட்டினார்.

"ஓம், வந்தவ. தோளில ஒரு பொடியன் அழுதுகொண்டு. பச்சைக் கேற் வீடு எங்க மாமா எண்டு கேட்டா. திருகோணமலையில எத்தின பச்சைக் கேற்! கோயிலடி எண்டு அவ சொல்ல, நான் ரவுண், கடைத்தெருப் பக்கம் கையைக் காட்டினனான். பொடியனுக்கு ஒரு பணிசும் குடுத்தன்."

"பொலிஸ் உங்களிட்டக் கேக்கேல்லையா?"

"ஒருத்தரும் கேக்கேல்ல, தங்கச்சி. கேட்டா வந்து சொல்லுறதுக்கு எனக்கென்ன?"

ஊர்ப்பக்கம் போக அவளுக்கு ஒரு முழுநாள் எடுத்தது. மூதூரில் பஸ் மாறி, ஈச்சிலம்பற்றில் இறங்கி, முச்சக்கரவண்டியில் வயல்வெளிகளைத் தாண்டினாள். அயல்வீட்டுக்காரி கதவைப் பாதிதான் திறந்தாள். ஆனாலும் ஒரு பெயர் கொடுத்தாள். செல்லத்தம்பி, பிரியங்கினியின் தாயுடைய மாமன். வெளிநாட்டுக்குப் போகவேண்டாம் என்று அவர் தடுத்ததால் தாய் அவரோடு கோபித்துக்கொண்டு பேச்சை விட்டிருந்தாள். செல்லத்தம்பியும் மனைவி சிவகாமிப்பிள்ளையும் கடல்நீர் ஏரியான களப்பின் கரையில் தனியே இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. வலை காயப்போட்டிருந்த முற்றத்தில் செல்லத்தம்பி நின்றபடியே கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது.

"பெட்டை ரவுணில வேலைக்கா? பொடியன் எங்கயோ இல்லத்திலயா? தாய் ரெண்டையும் தன்னோட கூப்பிட்டிட்டா எண்டுதானே எங்களுக்குச் சொன்னவை!"

"உங்களிட்ட வச்சிருக்க ஏலுமா, ஐயா? யோசிச்சுச் சொல்லுங்க. பிள்ளை வழக்கில இருக்கிறா. நன்னடத்தைக்காரர் வந்து வந்து பாப்பினம். பள்ளிக்கூடம் அனுப்பணும். லேசான காரியம் இல்ல."

 அவர் களப்புப் பக்கம் திரும்பி நின்றார். சிவகாமிப்பிள்ளை குசினி வாசலில் வந்து நின்று பஸ்மியாவைக் கேட்டாள்:

"பெட்டை இப்ப என்ன உயரம் வந்திட்டாள்?"

பஸ்மியா தன் தோள் மட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். சிவகாமிப்பிள்ளை அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செல்லத்தம்பி திரும்பி, "எங்க கையெழுத்து வைக்கிறது?" என்றார்.

நிசாந்தன் எங்கே என்று தேடுவதற்கு நன்னடத்தை உத்தியோகத்தர் உதவினார். கந்தளாய்ப் பக்கத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் அவன் இருந்தான். அதை அறிந்ததும் பஸ்மியா நேரே பாதுகாப்பு இல்லத்துக்குப் போய்ப் பிள்ளையிடம் சொன்னாள். பிரியங்கினி அழவில்லை. வேம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் பஸ்மியா சட்டத்தரணி சொன்னதையும் சொன்னாள்.

"நீதவான் கேட்டா, நீங்க பதில் சொல்லாம இருக்கலாம். லோயர் சேர் கதைப்பார். அதால உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது."

"சின்னவன்ட அம்மாவும் வருவாவா?"

"வருவா."

"அவவுக்குச் சொல்லணும், மிஸ். அவன் எங்க எண்டு தெரியாம அவ எவ்வளவு பயந்திருப்பா. தம்பி எங்க எண்டு தெரியாம நான் இருந்தனானே."

 இவ்வளவு காலமும் பஸ்மியா பிள்ளைகளைப் பேச வைத்திருக்கிறாள். இந்தப் பிள்ளை பேசினால் என்ன ஆகும் என்று அன்றுதான் அவளுக்குப் பயம் வந்தது. திரும்பிப் போய் அபூதாஹிரிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அவட வழக்கு, அவட வாய். நாங்க பக்கத்தில நிப்பம்" என்றார்.

வழக்கு மூடிய அறையில் நடந்தது. நீதவான் ஒரு பெண். மின்விசிறி மெல்லச் சுழன்றது. வெளியே காகங்கள் கரைவது வேறெங்கோ நடப்பது போலக் கேட்டது. முத்தலிப் வந்து தான் கண்டதைச் சொல்லிவிட்டுப் போனார். பஸ்மியா எழுதிய அறிக்கையை அபூதாஹிர் கொடுத்தார். பிள்ளை வேலைக்கு விடப்பட்ட வயது, தாய் இல்லாத வீடு, தம்பி, செல்லத்தம்பியின் வீடு, வெளியே விட்டால் சேரவேண்டிய பள்ளிக்கூடம் எல்லாம் அதில் இருந்தன. வேப்பமரத்தடியில் கேட்ட அந்த ஒரு வசனம் மட்டும் இருக்கவில்லை.

நீதவான் அறிக்கையைப் படித்து முடித்து நிமிர்ந்தார். "மகள், அண்டைக்குச் சின்னவனை எங்க கூட்டிக்கொண்டு போனீங்க? விருப்பம் எண்டாச் சொல்லுங்க."

"வீட்டுக்கு" என்றாள் பிரியங்கினி.

அபூதாஹிரின் பேனை நின்றது.

"ஆருட வீட்டுக்கு?"

"எங்கட வீட்டுக்கு. எனக்கு அது தம்பி மாதிரி இருந்தது. பிறகு அவன் அம்மா எண்டு அழுதான். அப்பதான் தம்பி இல்ல எண்டு விளங்கினது. திரும்பிக் கொண்டு வந்தனான், வழி தெரியேல்ல." அவள் நிரோசினியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, அவனுக்கு நான் ஒண்டும் செய்யேல்ல. உங்களைப் பயப்படுத்திப் போட்டன்."

நிரோசினி அதுவரை ஒரு கைக்குட்டையை மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். அதை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று நீதவானைப் பார்த்தாள்.

"பதினேழு வயசு எண்டுதான் தரகர் சொன்னவர், மெடம். முகத்தைப் பாத்தாலே சின்னப் பிள்ளை எண்டு தெரியும். நான் பாக்கேல்ல. எனக்கு ஆள் தேவைப்பட்டது." கைக்குட்டையைக் கசக்கினாள். "மகன் இன்னும் இவவைத்தான் தேடுறான்."

எல்லாம் அன்றைக்கே முடிந்துவிடவில்லை. வழக்கை விலக்கலாமா என்று பொலிஸ் மேலிடத்தில் கேட்டு வரவேண்டியிருந்தது. தவணைகள் போயின. கடைசியில் கடத்தல் குற்றச்சாட்டு விலக்கிக்கொள்ளப்பட்டது. பிள்ளையின் பாதுகாப்புக்காக ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பின் கீழ், செல்லத்தம்பியின் வீட்டில் இருக்கும்படி பிரியங்கினிக்கு உத்தரவாயிற்று. வயது குறைந்த பிள்ளையை வேலைக்கு வைத்தது பற்றித் தனியே ஒரு விசாரணை தரகர் மீதும் நிரோசினி மீதும் நடந்தது. நிரோசினி அதை மறுக்கவில்லை.

நிசாந்தனையும் செல்லத்தம்பி வீட்டுக்குக் கூட்டிவருவதற்குள் மழைக்காலம் தொடங்கிவிட்டது. அவன் உயர்ந்திருந்தான், முன்பல் விழுந்திருந்தது. அக்காவைக் கண்டதும் ஓடிவரவில்லை. செல்லத்தம்பியின் சாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பிரியங்கினியின் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு கீழே விழுந்தது. பஸ்மியா இதைப் பல வீடுகளில் கண்டவள். "விடுங்க மகள், அவன் தன்ட பாட்டில வரட்டும்" என்று மட்டும் சொன்னாள். அவன் வர ஒரு கிழமை எடுத்தது என்று பிறகு அறிந்தாள். பள்ளிக்கூடத்திலும் பிரியங்கினிக்கு உடனே ஒத்து வரவில்லை. தன்னை விடச் சிறிய பிள்ளைகளோடு இருக்கவேண்டியிருந்தது. ஒருநாள் கொப்பியைக் கிழித்து எறிந்துவிட்டு வந்து களப்புக்குள் இறங்கி நின்றாள். அன்று சிவகாமிப்பிள்ளையும் சேலையோடு தண்ணீரில் இறங்கிப் பக்கத்தில் நின்றாளாம், அவள் கரைக்கு வரும்வரை.

கண்காணிப்புக் காலம் முடிந்த மாதம் பஸ்மியா அங்கே போனபோது வீட்டில் சிவகாமிப்பிள்ளை மட்டும் இருந்தாள். மற்றவர்கள் தோணியில் போயிருந்தார்கள். பஸ்மியா கரையில் இருந்தாள். மாலை வெளிச்சம் களப்பு முழுவதும் பொன்னாகப் பரவி, மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது. கண்டல் மரங்களுக்கு நடுவிலிருந்து தோணி வந்தது. கம்பு ஊன்றியவள் பிரியங்கினி. நிசாந்தன் முன்பக்க அணியத்தில் குந்தியிருந்து கையால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தான். செல்லத்தம்பி நடுவில் சும்மா இருந்தார், பயணி போல.

"இதுதான் கடைசித் தடவை, மகள்" என்று பஸ்மியா அவள் கரையேறியதும் சொன்னாள். "கோட்டு வேலை முடிஞ்சுது."

பிரியங்கினி கம்பைப் பிடித்தபடி நின்றாள். "அப்ப இனி வரமாட்டீங்களா?"

"வேலைக்கு வரமாட்டன். சும்மா வருவன்."

"சும்மா வாறாக்கள் சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள் அவள். மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பஸ்மியாவின் பதிலுக்கு நிற்காமல், வீட்டுப் பக்கம் நடந்தாள்.